ஸ்பீக்கர் பாதி, கதவு பாதி: மூன்று 6.5 இன்ச் கார் ஸ்பீக்கர்கள்

சின்ன கார்களில் கம்பெனியே போட்டுத் தரும் கதவு ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் வாங்கினால் எடையே தெரியாது. பிளாஸ்டிக் சட்டம், மெல்லிய காகிதக் கோன், பின்பக்கம் ஒரு தட்டை அளவுக்குக் காந்தம். செய்தி கேட்க இது தாராளம். மிருதங்கம் கேட்டால்தான் வண்டவாளம் தெரியும்: வலப்பக்க வலந்தலைச் சொல் கேட்கும், இடப்பக்கத் தொப்பியின் கும்கி வராது. நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்கு ஏறினால் காதைக் கீறும்.

இதை மாற்ற நினைப்பவர்களிடம் கடையில் அதிகம் எடுத்துக் காட்டப்படும் 6.5 இன்ச் வகைகளில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்ளலாம்: பயனீர் டிஎஸ்-ஏ1670எஃப், ஜேபிஎல் கிளப் வரிசையின் கோஆக்சியல் (மேல் ஸ்தாயிக்கான குட்டி ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், கோனின் நடுவிலேயே இருப்பது), ஹெர்ட்ஸ் டிஎஸ்கே 165.3 காம்பொனென்ட் செட் (ட்வீட்டர் தனியாக வருவது). (ஹெர்ட்ஸ் என்பது இங்கே அலகு அல்ல, இத்தாலியக் கம்பெனி.) மூன்றுமே நல்ல சரக்கு. ஆனால் எந்த ஸ்டீரியோவோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து எது முதல், எது கடைசி என்பது மாறிவிடும்.

பெட்டி மேல் போட்டிருக்கும் வாட்டை நம்பி வாங்கக் கூடாது. பயனீர் பெட்டியில் 320 வாட் என்று பெரிதாக இருக்கும். தொடர்ந்து தாங்குவது 70 வாட்தான். அதுவும் தாங்கும் திறன், சத்தத்தின் அளவு இல்லை. ஸ்டீரியோவிலும் இதே கூத்துதான். ‘50 வாட் x 4’ என்று எழுதியிருக்கும். இன்ஜின் ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். அதற்குள் அடங்கும் சைன் அலையின் ஆர்எம்எஸ் (பவர் கணக்குக்கு எடுக்கும் மதிப்பு) 10.2 வோல்ட், 4 ஓமில் அது 26 வாட். ஸ்டீரியோவுக்குள் பவர் தரும் ஐசி சிப் விழுங்குவதைக் கழித்தால் சேனலுக்கு 18, 20 வாட் சுத்தமாக வந்தாலே பெரிது. ஆகவே கம்பெனி ஸ்டீரியோவை மாற்றப் போவதில்லை என்றால் பார்க்க வேண்டிய எண் சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்பது. அதில் 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும்.

ஜேபிஎல் கிளப் முந்துவது இங்கேதான். இதன் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) 4 ஓம் அல்ல, 3 ஓம். ஒரே வோல்ட்டேஜில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பவரை இழுக்கும். கணக்குப்படி சுமார் 1.2 டெசிபல் லாபம். கம்பெனி ஸ்டீரியோ இதைத் தாங்கும். 2 ஓம் ஸ்பீக்கரை மாட்டினாலோ, ஒரே சேனலில் இரண்டு ஸ்பீக்கரை இணையாகக் கட்டினாலோதான் ஐசி சூடேறி, கொஞ்சம் சத்தம் வைத்ததும் கட் ஆகும். ஆம்ப் (தனி ஆம்ப்ளிஃபயர்) போடாமல் ஸ்பீக்கர் மட்டும் மாற்றுகிறவருக்கு மூன்றில் இதுவே சரி.

பயனீரின் கோன் கார்பனும் மைக்காவும் கலந்தது, விறைப்பானது. அடி இறுக்கமாக விழும், ட்ரெபிள் கொஞ்சம் தூக்கல். ட்ரெபிளை 2 புள்ளி குறைத்தால் அடங்கிவிடும். ‘3-வே’ என்று பெருமையாகப் போட்டிருக்கும் மூன்றாவது குட்டி ட்வீட்டரால் காதுக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை. ஹெர்ட்ஸ் செட்டில் ட்வீட்டர் தனி, சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் தனி. ட்வீட்டரை சைடு மிரருக்கு உட்புறம் உள்ள முக்கோணத்தில் வைத்தால் பாட்டு முழங்காலிலிருந்து எழுந்து டாஷ்போர்டு மேல் வந்து உட்காரும். இந்தச் சுகம் கோஆக்சியலில் கிடைக்காது. ஆனால் சேனலுக்கு 50 வாட்டுக்குக் குறையாத நிஜ ஆம்ப் இல்லாமல் இதை வாங்குவது வீண்.

‘ஆள் பாதி ஆடை பாதி’ என்பது ஸ்பீக்கருக்கு அப்படியே பொருந்தும். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி எப்படியோ, கார் ஸ்பீக்கருக்குக் கதவு அப்படி. பேனலைக் கழற்றினால் உள் தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் தெரியும். அவற்றின் மேல் மெல்லிய பாலித்தீன் ஷீட்டைக் கறுப்பு பியூட்டைல் பசையால் ஒட்டியிருப்பார்கள். கோன் முன்னால் தள்ளும் காற்றும், பின்னால் இழுக்கும் காற்றும் அந்த ஓட்டை வழியாகக் கலந்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். முதலில் சாவது பாஸ் (அடிச் சத்தம்) தான். பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கர் போட்டும் ‘பழசே தேவலை’ என்று புலம்பும் கார்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

கழற்றும் முறை காருக்குக் கார் கொஞ்சம் மாறும். கைப்பிடிக்குப் பின்னால் மூடிக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ, இழுத்துச் சாத்தும் குழிக்குள் ஒன்றோ இரண்டோ இருக்கும், சில வண்டிகளில் கீழ் விளிம்பிலும் உண்டு. அதன்பின் பிளாஸ்டிக் பட்டையைக் கொடுத்துக் கீழ் ஓரத்திலிருந்து நெம்பினால் கிளிப் ஒவ்வொன்றாகப் ‘பட் பட்’ என்று விடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போகும். கடைசியில் பேனலை மேலே தூக்கி எடுத்து, பவர் விண்டோ கப்ளரையும் (வயர் இணைப்பான்) கைப்பிடிக் கேபிளையும் விடுவிக்க வேண்டும். எப்படியும் நாலைந்து கிளிப் உடையும். அந்த மாடலுக்கான பத்து கிளிப்பை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

பழைய ஸ்பீக்கர் ஸ்க்ரூவில் இருந்தால் வேலை சுலபம். ரிவெட் அடித்திருந்தால் அதன் தலையை டிரில்லால் எடுக்க வேண்டும். அப்போது உதிரும் இரும்புத் தூள்தான் எமன். கதவுக்குள் கிடக்கும் தூளைப் புதுக் காந்தம் இழுத்துக்கொள்ளும். வாய்ஸ் காயில் இடுக்கில் ஒரு துகள் புகுந்தால் ஆயுசுக்கும் கரகரப்பு. ஓட்டைக்கு அடியில் ஈரத்துணி விரித்து டிரில் போட்டு, பிறகு வாக்குவம் பிடிக்க வேண்டும். புது ஸ்பீக்கர் அந்த வேலை முடியும்வரை பெட்டியை விட்டு வெளியே வரவே கூடாது.

அடுத்தது ஆழம். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகட்டிலிருந்து கண்ணாடி வரை அளக்க வேண்டும். காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 5 மி.மீ.யாவது விடுங்கள். இடம் போதாவிட்டால் ஸ்பேசர் வளையம். கடையில் மலிவாகத் தருவது எம்டிஎஃப் (மரநார்ப் பலகை). ஒரு மழைக்காலம் தாண்டினால் பிஸ்கட் மாதிரி ஊறிவிடும். ஏபிஎஸ் அல்லது எச்டிபிஇ பிளாஸ்டிக் வளையம் கேளுங்கள். எம்டிஎஃப்தான் கிடைக்கிறது என்றால் எல்லாப் பக்கமும் இரண்டு கோட் வார்னிஷ் அடித்துக் காயவைத்துப் போடுங்கள். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஃபோம் டேப் வைத்தால் காற்று கசியாது.

தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டில்தான் காசு அநியாயமாகக் கரைகிறது. வெளித் தகட்டின் உட்புறம் முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. தட்டினால் தகரம் மாதிரி அதிரும் நடுப்பகுதியில் கால் பங்குக்கு ஒட்டினாலே அதிர்வு அடங்கும். 2 மி.மீ. பியூட்டைல், மேலே அலுமினியத் தாள் உள்ளது போதும். தார் கலந்த மலிவு மேட், மே மாத வெயிலில் இளகி நாறும். மீதிக் காசை உள் தகட்டு ஓட்டைகளை மூடச் செலவழியுங்கள்: ஓட்டை அளவுக்கு ஏபிஎஸ் தகடு வெட்டி, அதன் மேல் பியூட்டைல் ஒட்டினால் பெட்டி தயார். நாளை விண்டோ மோட்டார் பழுதானால் திறக்க முடிய வேண்டும் என்பதை மனதில் வைத்து ஒட்டுங்கள். கதவின் அடி விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் எக்காரணத்துக்கும் அடைக்காதீர்கள். தண்ணீர் நின்று அடித்தகடு துருப்பிடிக்கும்.

வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது இங்கே பரவலான கெட்ட பழக்கம். அந்தக் காருக்கான கப்ளர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், வாரண்டி தகராறும் வராது. ‘வயரையும் மாத்திடலாம் சார்’ என்பார்கள். 20 வாட்டுக்கு வேண்டாம். 0.5 சதுர மி.மீ. செம்பு வயர் போக வர 8 மீட்டர் என்றாலும் 0.28 ஓம்தான்; நஷ்டம் 0.6 டெசிபல், காதுக்குத் தெரியாது. ஆம்ப் போட்டால் மட்டும் புது வயர் இழுங்கள். ட்வீட்டர் வயர் ஏ-பில்லர் (முன்கண்ணாடியை ஒட்டிய தூண்) வழியாகப் போனால், கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அதற்குப் பின்னால் போக வேண்டும், குறுக்கே போகக் கூடாது.

பிளஸ் மைனஸ் மாறினால் ஸ்பீக்கர் கெடாது, பாட்டு கெடும். இடது கதவு முன்னால் தள்ளும்போது வலது கதவு பின்னால் இழுத்தால் தொப்பிச் சத்தம் மாயமாகிவிடும். சோதிக்க ஒரு 1.5 வோல்ட் ஏஏ பேட்டரி போதும்: கப்ளரைக் கழற்றிவிட்டு, பேட்டரி மைனஸை ஸ்பீக்கர் மைனஸில் வைத்து, பிளஸ்ஸைப் பிளஸ்ஸில் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். பாட்டை ஓடவிட்டு, பேலன்ஸை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளினால் பாஸ் கூடி, நடுவில் வைத்தால் குறைகிறதா? ஒரு கதவில் வயர் மாறியிருக்கிறது.

இன்னொரு பொறி, கம்பெனி ட்வீட்டர். பல கார்களில் அது கதவு ஸ்பீக்கரின் வயரிலேயே ஒரு கெபாசிட்டரோடு இணையாகத் தொங்கும். கோஆக்சியலையும் மாட்டி அதையும் விட்டுவைத்தால் இரண்டு ட்வீட்டரும் சேர்ந்து கத்தும். பழையதன் கப்ளரைக் கழற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு செட்டிங். ஸ்டீரியோவில் ஹைபாஸ் (ஓர் அளவுக்குக் கீழான அடிச் சத்தத்தை வெட்டும் வசதி) இருந்தால் 80 ஹெர்ட்ஸ் (இது அலகுதான்), பாஸ் பூஜ்யம், லவுட்னெஸ் ஆஃப். 20 வாட் ஸ்டீரியோவில் பாஸை முழுக்க ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டு ட்வீட்டர் கருகலாம். பின்கதவு ஸ்பீக்கரை மாற்றும் காசை முன்கதவு டேம்பிங்கில் போடுங்கள். பின்சீட்டில் தினமும் ஆள் இருந்தால் மட்டும் பின்னால் கை வைக்கலாம்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக விசாரித்தால் விலை இறங்கும். ஆனால் போலிகளும் இந்தச் சந்தையில் சகஜம். சீரியல் எண் பெட்டியிலும் ஸ்பீக்கரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். ஃபிட்டிங்கிற்கு விடும் முன் பாலித்தீன் ஷீட்டைத் திரும்ப ஒட்டச் சொல்லிக் கூடவே நில்லுங்கள். அவசரத்தில் அதைக் கிழித்து மூலையில் போட்டுவிடுவார்கள், பிறகு கதவுக்குள் இறங்கும் தண்ணீர் காருக்குள் வரும். வேலை முடிந்த மறுநாள் கதவுக் கண்ணாடியில் ஐந்து நிமிடம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துவிட்டு, காருக்குள் மிதியடிக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்கே காரைத் திருப்பிக் கொண்டுபோங்கள்.