கம்ப்யூட்டர் பாட்டு ஸ்டீரியோவில் வர: ஒயரா, ப்ளூடூத்தா, ஆப்டிக்கலா?

டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டில் அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபையர் இன்னும் ஓடுகிறது. அதில் கம்ப்யூட்டரைச் சேர்க்க எல்லாம் செய்து பார்த்து, பாட்டை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிக்கல் ஒயரில் வந்து நின்றேன், அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

ப்ளூடூத் ரிசீவர் சுலபம், தங்கை போனிலிருந்தே பாட்டுப் போடுகிறாள். படம் பார்த்தால் வாயசைவு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். விட்டேன்.

அப்புறம் 3.5 மி.மீ. பின்னும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ முனைகளும் உள்ள ஒயர். மலிவு. ஆம்ப்ளிஃபையரின் பின்னால் ஆக்ஸ் (AUX) என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும். ஃபோனோ துளை ரிக்கார்ட் பிளேயருக்கானது, அதில் செருகினால் காது கிழியும். பாட்டு நன்றாகவே இருந்தது, பாட்டு நின்றால்தான் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். ஒயர் மட்டமென்று வேறொன்று வாங்கினேன், அதே கதை. கடைசியில் டிவி டீகோடரிலிருந்து டிஷ் ஒயரைத் திருகிக் கழற்றினேன், உறுமல் டக்கென்று நின்றது. கூடவே அம்மாவின் சீரியலும் நின்றது, "என்னடா பண்ணுற?" என்று உள்ளேயிருந்து குரல்.

விஷயம் இதுதான்: கம்ப்யூட்டருக்கு மூன்று பின் பிளக் வழியாக ஓர் எர்த். ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு பின்தான், ஆனால் அதோடு சேர்ந்த டீகோடரின் டிஷ் ஒயர் வழியாக இன்னோர் எர்த். இரண்டுக்கும் துளி வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் ஆடியோ ஒயரின் உறையில் கரண்ட் ஓடும், அந்த 50 ஹெர்ட்ஸ்தான் உறுமுகிறது. எர்த் பின்னை உடைத்துவிடு என்றார் ஒருவர். தயவுசெய்து செய்யாதீர்கள், ஷாக் அடித்தால் காப்பாற்றுவதே அதுதான். ஆடியோ ஒயரின் நடுவே ஐசோலேட்டர் என்ற குட்டி டிரான்ஸ்ஃபார்மர் போட்டதும் உறுமல் போனது, பேஸும் (அடித்தொனி) கொஞ்சம் மெலிந்தது. நான் வாங்கியது மலிவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆப்டிக்கலில் போவது வெளிச்சம், கரண்ட் இல்லை, பிறகு எர்த் எங்கே சுற்றும்? 1983இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க்தான் இது. என் கம்ப்யூட்டரின் பின்னால் சிவப்பு வெளிச்சம் தெரியும் துளை இருந்தது. பழைய ஆம்ப்ளிஃபையரில் இருக்காது என்பதால் நடுவே ஒரு சின்ன டாக் (DAC) பெட்டி வேண்டும், டிஜிட்டலாக வருவதை ஆம்ப்ளிஃபையருக்குப் புரியும் சாதா ஆடியோவாக மாற்றுவது அதுதான். அந்தப் பெட்டிக்கு கம்ப்யூட்டரின் யூஎஸ்பியிலிருந்து கரண்ட் கொடுத்தேன், விட்ட உறுமல் திரும்பி வந்தது! யூஎஸ்பி ஒயரின் செம்பு வழியாக எர்த் மறுபடி சேர்ந்துவிடுகிறது. இரண்டு பின் போன் சார்ஜரில் மாட்டினேன், சரியாகிவிட்டது. ஒயரை மட்டும் சுவர் மூலையில் மடக்காதீர்கள், உள்ளே இழை ஒடிந்துவிடும்.

கம்ப்யூட்டரின் யூஎஸ்பியிலேயே நேராக மாட்டும் டாக் மச்சானிடம் இருக்கிறது, இரண்டு நாள் கேட்டேன், அருமை. அவர் வீட்டில் டிஷ் கிடையாது, அதனால் உறுமல் விஷயத்தில் அதை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.