கடிகாரமா, ஹார்மோனிக்காவா?

போன சனிக்கிழமை ராத்திரி மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். கௌபாய் படமே பார்த்ததில்லையாம். பழிவாங்கும் கதையாக ஒன்று போடச் சொன்னான். செர்ஜியோ லியோனியின் இரண்டு படங்களுக்கு நடுவே அல்லாடினேன்: 1965இல் வந்த ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’, 1968இல் வந்த ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’. முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் படம் பார்த்துவிட்டு வரவும்.

இரண்டுக்கும் இசை என்னியோ மோரிகோனி. இரண்டிலும் பழைய கணக்கு ஒரு சின்னப் பொருளில் ஒளிந்திருக்கிறது: அதில் இசைக்கும் பாக்கெட் கடிகாரம், இதில் ஹார்மோனிக்கா. விறுவிறுப்புக்கு முதல் படம்தான், சந்தேகமே வேண்டாம்.

நான் போட்டது இரண்டாவதை. காரணம், வில்லனின் ஞாபகம்.

கடிகாரப் படத்தில் வில்லன் இண்டியோ எதையும் மறக்கவில்லை. செய்த பாவம் அவனைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. புகையை இழுத்துத்தான் தணித்துக்கொள்கிறான். பழிவாங்க வரும் கர்னல் லீ வான் கிளீஃப் தன் பெயரைச் சொல்லிவிட்டுச் சுட்டால் வேலை முடிந்தது. ஹார்மோனிக்காப் படத்தின் வில்லன், ஹென்றி ஃபோண்டாவின் ஃபிராங்க் அப்படியில்லை. எத்தனையோ பேரைக் கொன்றவன், பழிவாங்க வந்திருக்கும் சார்லஸ் பிரான்சன் யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை. யார் நீ என்று கேட்டால், பிரான்சன் செத்துப்போனவர்களின் பெயர்களைத்தான் சொல்கிறார். ஃபிராங்கின் ஆட்களே காசுக்கு விலைபோய் அவனைச் சுட வரும்போது, பிரான்சன் எதிரியைக் காப்பாற்றுகிறார்! “லூசாடா இவன்?” என்றான் மச்சான். படத்தின் நாயகி கிளாடியா கார்டினேலுக்கும் அதே கோபம். அடுத்தவன் குண்டில், ஞாபகமே வராமல் செத்தால் அது என்ன பழி? கடைசிச் சண்டையில்தான் நமக்கே விஷயம் தெரிகிறது: கழுத்தில் சுருக்கோடு அண்ணன், அவனைத் தோளில் தாங்கி நிற்கும் சிறுவன் பிரான்சன், அந்தச் சிறுவனின் வாயில் ஃபிராங்க் திணித்த ஹார்மோனிக்கா. அதே ஹார்மோனிக்கா சாகப்போகும் ஃபிராங்கின் வாய்க்குப் போகிறது. அப்போது அந்தக் கண்களைப் பாருங்கள்.

சரி, குறை இல்லாமல் இல்லை. 165 நிமிடம். தொடக்கத்தில் ஸ்டேஷனில் காற்றாடி கிறீச்சிடுகிறது, ஈ ஊர்கிறது, தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது. அதற்குள் மச்சான் போனை எடுத்துவிட்டான். ரயில்பாதை நில விவகாரமும் நடுவில் இழுக்கிறது.

இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், மற்றதை இரண்டே முறை. அதனால் என் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். இரண்டையும் தியேட்டரில் பார்த்ததில்லை. மோரிகோனியைப் பற்றி டிவி ஸ்பீக்கரை நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அப்புறம், கடிகாரப் படத்தில் பிணங்களை எண்ணிப் பரிசுப் பணத்தைக் கூட்டிப் பார்த்து, கணக்கு உதைக்கிறதே என்று கிளின்ட் ஈஸ்ட்வுட் முழிக்கும் அந்தக் குசும்பு ஹார்மோனிக்காவில் கிடையாது.