தெராபைட் தாடைப் பயிற்சிக் கருவி: மரக்குச்சிகளை விட மேலா?

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்தபின் மெல்லும் தசைகள் நார்போல இறுகுவதால் வாய் திறப்பு குறைகிறது. மேல், கீழ் முன்பற்களின் நுனிகளுக்கு இடையே 35 மி.மீ.க்குக் கீழே போனால் அதை டிரிஸ்மஸ் என்கிறார்கள். அதற்கான கருவிகளில் தெராபைட் பெயர்பெற்றது.

இதன் பலமே அமைப்புதான். கைப்பிடியை அழுத்தினால் வாய்க்குள் இருக்கும் இரண்டு தட்டுகளும் நேராக விலகாமல், தாடை இயல்பாக இறங்கும் வளைவிலேயே விரிகின்றன. அழுத்தமும் பல பற்களுக்குப் பகிர்ந்து போகிறது. நாக்கை அழுத்தும் மரக்குச்சிகளை அடுக்கிச் செருகும் பழைய முறையில் சுமை முழுக்க முன்பற்கள் சிலவற்றின் மேல்தான் விழும். ஆனால் குச்சிக்கு ஒரு நன்மை உண்டு: ஒன்றின் தடிமன் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ., ஆகவே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம். கருவியின் தட்டே நுழையாத அளவுக்கு வாய் இறுகியவர்கள் குச்சியில்தான் தொடங்க முடியும்.

பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 7-7-7: ஏழு முறை விரித்து, ஒவ்வொன்றையும் ஏழு விநாடி பிடித்து, நாளுக்கு ஏழு வேளை. இன்னொன்று ஐந்து முறை, 30 விநாடி, ஐந்து வேளை. எதுவானாலும் தாடைத் தசையால் வாயைத் திறக்க முயலக்கூடாது. தாடையைத் தளர்த்தி விட்டு, வேலையைக் கையிடம் கொடுக்க வேண்டும். பலருக்குப் பலன் தெரியாமல் போவது இங்கேதான். வலிக்குப் பயந்து கடிக்கும் தசை எதிர்த்து இறுகிவிடும், கை மட்டும் களைக்கும். நன்றாக இழுபடுவது தெரியலாம், சுரீரென்ற வலி கூடாது. அடுத்த நாளும் வலி நீடித்தால் விரிவைக் குறைக்க வேண்டும், வேளையை அல்ல.

கூட வரும் அளவு அட்டை சின்னதுதான், ஆனால் விட்டுவிடக் கூடாதது. எப்போதும் அதே இரு பற்களுக்கு இடையே, பயிற்சிக்கு முன் அளக்க வேண்டும். பயிற்சி முடிந்த கையோடு அளந்தால் எண் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். சீராக இருந்த அளவு திடீரென இறங்கினால் பயிற்சியைக் கூட்டுவது தவறு. தாடை எலும்பு பாதிப்போ நோய் திரும்பியதோ காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆடும் பல், தாடை முறிவு, ரேடியேஷனால் எலும்பு அழிதல், தாடை மறுசீரமைப்பு அறுவை இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. பல் இல்லாதவர்களுக்கு தட்டின் மேல் தனி மெத்தைகள் வேண்டும். இல்லையென்றால் ஈறு புண்ணாகும்.

விலையைப் பார்த்தால், குச்சியைத் தவறாமல் நாள்தோறும் செய்பவருக்கு இது அவசியமில்லை. பற்கள் பலவீனமாக இருப்பவருக்கும், குச்சியில் அளவு தேங்கி நின்றவருக்கும் வாங்கத் தகும். ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் வாங்க வேண்டாம். மெத்தைகளை ஒவ்வொரு முறையும் கழுவி, தேய்ந்ததும் மாற்ற வேண்டும். ரேடியேஷன் முடிந்து மாதங்கள் கழித்தும் தசை இறுகிக்கொண்டே போகும் என்பதால், திறப்பு கூடியவுடன் பெட்டியில் மூடி வைத்தால் மீண்டும் குறைந்துவிடும்.