கல்லில் அடித்த ஆணிகள்: ஃபெத்தியே மலைக் கல்லறைகள்

மகளும் மருமகனும் ஜெர்மனியில் இருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் துருக்கி போனார்கள். தலாமான் விமான நிலையத்தில் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபெத்தியே வந்துவிடும். படகுத்துறையில் நின்று ஊர்ப்பக்கம் திரும்பினால், பின்னால் செங்குத்தாக நிற்கிற மலையில் வாசல் வாசலாகத் தெரிகிறது. ஆள் குடியிருக்கிற வீடுகள் என்றுதான் நினைத்தேன். அத்தனையும் கல்லறைகள்.

நான் காரைக்குடியில் முப்பது வருடமாக நிலை, கதவு, ஜன்னல் செய்கிற ஆசாரி. சரித்திரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. கதவு தெரியும்.

ஊருக்குள்ளிருந்து நடந்தே போகலாம். நாங்கள் போனபோது சின்னத் தொகைக்கு நுழைவுச்சீட்டு இருந்தது. அப்புறம் சுமார் 200 படி. வழியில் நிழல் கிடையாது. நாங்கள் பதினோரு மணிக்கு ஏறியது மடத்தனம். மாலை நாலரைக்கு மேல் போங்கள், வெயிலும் தணியும், கல்லும் மஞ்சளாகிவிடும். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் ஒரு கடையில் விலை கேட்காமல் மாதுளைச் சாறு குடித்துவிட்டு மருமகன் முகம் போன போக்கு எனக்குத்தான் தெரியும்.

எல்லாரும் பார்க்க வருவது அமிந்தாஸின் கல்லறையை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. கோயில் முகப்பு மாதிரி இரண்டு தூண், மேலே முக்கோணக் கூரை, எல்லாம் ஒரே சுண்ணாம்புப் பாறையில் குடைந்தது. முகப்புச் சுவரில் கிரேக்க எழுத்தில் 'ஹெர்மாபியாஸின் மகன் அமிந்தாஸுடையது' என்று வெட்டியிருக்கிறது. அவரைப் பற்றி மிஞ்சியது அந்த ஒரு வரிதான். இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் வாழ்ந்த லிசிய மக்கள் அம்மா பெயரைத்தான் சொல்லிக்கொள்வார்கள் என்று ஹெரோடோட்டஸ் என்ற பழைய கிரேக்கச் சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறாராம். இங்கே பார்த்தால் அப்பா பெயர்! மருமகன் இதைச் சொல்லிச் சிரித்தார். 19-ஆம் நூற்றாண்டில் வந்த டெக்சியே என்ற பிரெஞ்சு அறிஞர் தன் பெயரையும் இங்கே கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். படித்தவர் செய்கிற வேலையா இது? அவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கிறுக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

சரி, தூணை விடுங்கள், கதவைப் பாருங்கள். சட்டம், குறுக்குச் சட்டம், நடுவில் பள்ளமாகப் பலகைகள். சட்டத்தில் வரிசையாகக் குமிழ் ஆணிகள். ஆணியும் கல்தான்! மரக்கதவில் சட்டங்களைப் பிடித்து நிறுத்த ஆணி வேண்டும். கல்லுக்கு எதற்கு? ஆனாலும் அந்தக் கல்தச்சன் ஒன்றைக்கூட விடவில்லை. கீழே ஒரு பலகையைத் திருடர்கள் எந்தக் காலத்திலோ உடைத்துவிட்டார்கள். அந்த ஓட்டை வழியே பார்த்தால் உள்ளே வெறும் சின்ன அறை, பிணம் கிடத்தக் கல் திண்ணைகள். அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் பெரிய கல்லறையைவிடப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கல்லறைகள்தான் சரக்கு. அவற்றில் கோயில் வேடமெல்லாம் இல்லை, அசல் மரவீடு. வாசலுக்கு மேலே வரிசையாகக் கட்டை முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கூரையைத் தாங்குகிற உருட்டுக் கட்டைகளை அறுத்துவிட்ட மாதிரியே. பொருத்துகளில் எது எதன்மேல் உட்காருகிறது என்பதுகூடத் தப்பவில்லை. பக்கத்தில் ஓர் ஆசாரியை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுத்தான் வெட்டியிருப்பான். அந்த மர வீடுகள் மக்கிப் போய் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. அவை எப்படி இருந்தன என்று நமக்குத் தெரிவதே இந்தக் கல் நகல்களால்தான். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். வந்த கூட்டம் தூணோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கியபடியே இருந்தது.

குறை என்றால், விளக்கப் பலகைகள் போதாது. பெரிய கல்லறைக்கு ஏதோ இருக்கிறது, சின்னவற்றைக் கேட்பாரில்லை. மூட்டுவலிக்காரர்கள் படியேற வேண்டாம். இரவில் விளக்குப் போடுகிறார்கள், கீழே சாலையில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் கையை விடாதீர்கள்.

ஊருக்குள் இறங்கியதும் நகராட்சிக் கட்டடத்துப் பக்கம் ஒரு தனிக் கல்பெட்டிக் கல்லறையும் இருக்கிறது, தவறவிடாதீர்கள். மூடி கவிழ்த்த படகு மாதிரி வளைந்திருக்கும், அதில் போர்வீரர்களைச் செதுக்கியிருப்பார்கள். 1957 நிலநடுக்கத்தில் ஊர் பெரும்பாலும் தரைமட்டமானது, இந்தப் பெட்டி நிற்கிறது. அதன் பக்கவாட்டிலும் சட்டமும் பலகையுமாகத்தான் வெட்டியிருக்கிறான். நான் விரலால் அளந்துகொண்டிருந்தேன். மகள் வந்து, "அப்பா, பசிக்குது, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.