மைஃபிட்னஸ்பால்: கணக்குப்பிள்ளை கெட்டிக்காரர், சமையலறைதான் தெரியாது

எடை குறைக்கக் கிளம்புகிறவர்கள் போனில் முதலில் ஏற்றும் செயலிகளில் ஒன்று மைஃபிட்னஸ்பால். 2005-ல் தொடங்கியது. 2015-ல் விளையாட்டு உடை நிறுவனமான அண்டர் ஆர்மர் வாங்கி, 2020-ல் கைமாற்றிவிட்டது. முதலாளி மாறினாலும் தொழில் மாறவில்லை. சாப்பிட்டதை எழுத வேண்டும், நடந்ததை எழுத வேண்டும், இன்றைக்கு இன்னும் எவ்வளவு சாப்பிடலாம் என்று அது சொல்லும். கூட்டல் கழித்தலில் குறையே இல்லை. நாம் கொடுக்கிற எண்கள்தான் பல நேரம் பொய். ஒரு மாதம் ஒழுங்காக எழுதியும் முள் அசையவில்லை என்பவர்களில் பலர் மாட்டிக்கொண்டிருப்பது அங்கேதான்.

முதல் சறுக்கல் பதிவு செய்யும்போதே நடக்கிறது. வாரத்துக்கு எத்தனை கிலோ குறைய வேண்டும் என்று செயலி கேட்கும். யாருக்கும் கை தானாக அரைக் கிலோவுக்கு மேல்தான் போகும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வயது 40, உயரம் 158 செ.மீ., எடை 70 கிலோ உள்ள ஒரு பெண். மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி எடையைப் பத்தாலும், உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கையும் 161-ஐயும் கழித்தால் 1,327 கலோரி வரும். படுத்தே கிடந்தாலும் உடம்பு எரிப்பது அவ்வளவு. உட்கார்ந்த வேலைக்காரருக்கு அதை 1.2-ஆல் பெருக்கினால் சுமார் 1,590. வாரம் அரைக் கிலோ வேண்டுமென்றால் நாளுக்கு 500 கழிக்க வேண்டும், மிச்சம் 1,090. பெண்களுக்கு 1,200-க்குக் கீழே செயலி இலக்கு வைக்காது, எனவே 1,200 என்று காட்டிவிட்டு நிற்கும். அதாவது கேட்ட வேகம் கிடைக்கவும் போவதில்லை, வயிறு நிறையவும் போவதில்லை. இந்த உடலமைப்புக்கு வாரம் கால் கிலோ என்று வைப்பதுதான் சரி. 1,340 வரும், தாக்குப்பிடிக்கலாம். நூறு கிலோ எடையுள்ள ஆணுக்கு அரைக் கிலோ தாராளமாக ஒத்துவரும்.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் மாற்றிவிடுங்கள். புரதத்துக்கு அது முதலில் ஒதுக்குவது 20 சதவீதம். கலோரியைக் குறைக்கும்போது புரதமும் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். 25 ஆக்கினால் 1,340-ல் 84 கிராம், அதாவது கிலோ எடைக்கு 1.2 கிராம். சைவச் சாப்பாட்டில் இது லேசு அல்ல. நூறு கிராம் துவரம் பருப்பில் சுமார் 22 கிராம்தான் இருக்கிறது, அதை ஒருவரே ஒரு நாளில் சாப்பிடுவதும் இல்லை. சோயா, பனீர், சுண்டல், தயிர், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை என்று வேளைக்கு ஒன்றாவது தட்டில் இருந்தால்தான் எட்டும்.

இனி சமையலறை. செயலியின் உணவுப் பட்டியலில் பெரும்பகுதி பயனர்களே ஏற்றியது. சாம்பார் என்று தேடினால் ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதப்பட்ட சாம்பார்கள் வரிசையாக வந்து நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கலோரி. எதிலும் எண்ணெய் எவ்வளவு என்று இருக்காது. பச்சை டிக் போட்ட பதிவு என்றால் செயலிக்காரர்கள் சரிபார்த்தது என்று பொருள், உங்கள் வீட்டுத் தாளிப்பு அதில் இருக்கிறது என்று பொருள் அல்ல.

வழி ஒன்றுதான்: ரெசிப்பி பகுதியில் சொந்தக் குழம்பை நீங்களே ஏற்றுவது. ஐந்து கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்று போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். காலிப் பாத்திரத்தை ஒருமுறை நிறுத்து, எடையை அடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள். போடுகிற பொருளை எல்லாம் பச்சையாக நிறுத்து ஏற்றுங்கள். உதாரணத்துக்குத் துவரம் பருப்பு 150 கிராம், எண்ணெய் 40 கிராம், காய் 300 கிராம், கொஞ்சம் புளி, சாம்பார் பொடி. மொத்தம் சுமார் 1,070 கலோரி. இறக்கியபின் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழித்தால் 1,400 கிராம் சாம்பார் என்று வைத்துக்கொள்வோம். சர்விங் எத்தனை என்று கேட்கும் இடத்தில் நாலு பேர் என்று நாலு போடாமல், 14 என்று போடுங்கள். ஒரு சர்விங் நூறு கிராம், 76 கலோரி. பிறகு கிண்ணத்தில் 180 கிராம் ஊற்றினால் 1.8 என்று அடித்தால் முடிந்தது. கொதிக்கிற பாத்திரத்தை நேரே தராசில் வைத்தால் அதன் பிளாஸ்டிக் இளகும், இடையே ஒரு மரப்பலகை வைத்து முதலில் பூஜ்ஜியமாக்கிக்கொள்ளுங்கள். மலிவான தராசு இரண்டு நிமிடத்தில் தானே அணைந்து அந்தப் பூஜ்ஜியத்தை மறந்துவிடும், அதையும் கவனியுங்கள்.

எண்ணெய்க்குக் கரண்டிக் கணக்கு உதவாது. தாளிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெய்ப் பாத்திரத்தை நிறுத்து, குறைந்ததை எழுதுங்கள். கிராமுக்கு 9 கலோரி. தோசைக் கல்லைச் சுற்றி விடும் ஒரு டீஸ்பூன் 40 கலோரி, மூன்று தோசைக்கு 120. இதை யாரும் எழுதுவதில்லை.

சாதத்தில் நடப்பது இதைவிடப் பெரிய விபத்து. வேகாத அரிசி நூறு கிராமுக்கு 350 கலோரி சொச்சம், வெந்த சாதம் 130. தட்டில் 250 கிராம் சாதத்தை நிறுத்துவிட்டு வேகாத அரிசிப் பதிவைத் தொட்டால் 325 கலோரிச் சாப்பாடு 875 ஆகிவிடும், அன்றைக்கு இரவு பட்டினி. தலைகீழாகத் தொட்டால் எடை குறையாது. பெயரோடு ‘குக்டு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வடித்த சாதத்துக்கும் குக்கர் சாதத்துக்கும் தண்ணீர் வேறுபடும் என்பதால், வீட்டுச் சாதத்தையும் ஒருமுறை ரெசிப்பியாக ஏற்றிவைப்பது நல்லது.

உடற்பயிற்சிப் பக்கத்துக்கு வருவோம். நடந்ததை எழுதினால் செயலி அந்தக் கலோரியைச் சாப்பாட்டுக் கணக்கில் திருப்பி வரவு வைக்கும். 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு ஐந்து கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் எரிவது சுமார் 245 கலோரி. ஆனால் அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே 65 போயிருக்கும், அதை அன்றைய இலக்கு ஏற்கனவே எண்ணிவிட்டது. நடையால் கூடுதலாகப் போனது 180-தான். 245-ஐயும் சாப்பிட்டு, எழுதாத எண்ணெய் இரண்டு டீஸ்பூனும் சேர்ந்தால், 250 என்று வைத்த பற்றாக்குறையில் மிஞ்சுவது நூறு. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற கணக்கில் 77 நாள் ஆகும்! வரவு வைத்ததில் பாதியை மட்டும் சாப்பிடுங்கள்.

இதே தவறின் இன்னொரு முகம், ஆக்டிவிட்டி லெவலில் ‘ஆக்டிவ்’ என்று சொல்லிவிட்டு, காலடி எண்ணும் கடிகாரத்தையும் இணைப்பது. நடக்காத நாளிலும் ‘ஆக்டிவ்’ கணக்குப்படியே சாப்பாடு ஒதுக்கப்படும். கடிகாரம் கட்டினால் மிகக் குறைந்த லெவலை வைத்து, அமைப்புகளில் நெகட்டிவ் அட்ஜஸ்ட்மென்ட் என்பதையும் இயக்கிவிடுங்கள். நடக்காத நாளில் அது கழிக்கவும் செய்யும்.

அன்றைய உணவு டயரியை முடித்ததும், தினமும் இப்படியே இருந்தால் ஐந்து வாரத்தில் உங்கள் எடை இவ்வளவு என்று ஒரு வரி காட்டும். இந்தச் செயலியில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அது. காய்ச்சலில் கஞ்சி குடித்த நாளை ஐந்து வாரத்துக்கு நீட்டினால் எண் அழகாகத்தான் இருக்கும். கண்டுகொள்ளாதீர்கள். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்தபின் நிறுத்து, ஏழு நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். முதல் வாரம் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். ஊறுகாய் தின்ற மறுநாளும், மாதவிடாய் நெருங்கும்போதும் ஒரு கிலோ ஏறினால் அதுவும் தண்ணீர்தான். நான்கு வாரச் சராசரி அசையவில்லை என்றால் மட்டும் இலக்கில் நூறு குறைக்கலாம். மாறாக வாரம் ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் கலோரியைக் கூட்டுங்கள். வேகமாக இறக்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடியும் கொட்டும்.

காசு கட்ட வேண்டுமா? பார்கோடு ஸ்கேன் 2022 அக்டோபரிலிருந்து கட்டணப் பக்கத்துக்குப் போய்விட்டது. பிஸ்கெட், ஓட்ஸ், புரதப் பொடி என்று பாக்கெட்டில் வாழ்கிறவர்களுக்கு அது உதவும். வீட்டில் சமைக்கிறவருக்கு விளம்பரங்களைச் சகித்துக்கொண்டால் இலவசப் பதிப்பே போதும், அந்தக் காசுக்குத் தராசு வாங்கலாம். 2018-ல் இவர்களிடமிருந்து 15 கோடிக் கணக்குகளின் விவரம் திருடு போனது, ஆகவே வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வையுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் இதைத் தொடங்கக் கூடாது. சாப்பாடு குறைந்து நடையும் கூடினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், செயலிக்கு அது தெரியாது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள், சாப்பாட்டை எண்ணி எண்ணியே ஒருமுறை நோயில் விழுந்து எழுந்தவர்கள் ஆகியோருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.