ஃபிஜி சாஃப்ட்வேர் – காசில்லாம கிடைக்கிற நல்ல சாமான்

கிருஷ்ணகிரி பக்கம் காலேஜ் லேப்ல மா இலைல வர்ற ஆந்த்ராக்னோஸ்ங்கிற பூஞ்சை நோயோட புள்ளி எவ்ளோ பரவியிருக்குன்னு அளக்க ஃபிஜி யூஸ் பண்றோம். படத்த அலசி அளக்குற இமேஜ்ஜேங்கிற சாஃப்ட்வேர் தான் இது, கூட பிளகின் (கூடுதல் வசதி தர்ற குட்டி புரோகிராம்) நிறைய சேத்து ஒரே மூட்டையா தர்றாங்க. இமேஜ்ஜே 1997ல அமெரிக்காவோட என்ஐஹெச்ல (அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) வெய்ன் ராஸ்பேண்ட் ஆரம்பிச்சது, இன்னிக்கும் ஃப்ரீ. ஃபிஜிக்கு இன்ஸ்டால்கூட வேணாம், ஜிப்ப பிரிச்சா ஓடும், பழைய டெஸ்க்டாப் போதும்.

இலைய ஸ்கேல் ஒண்ணோட சேத்து ஸ்கேனர்ல வெச்சு டிஃப் (TIFF) ஃபைலா சேவ் பண்ணிட்டு, செட் ஸ்கேல்ல மில்லிமீட்டர் குடுத்து, கலர் த்ரெஷோல்ட்ல (எந்த நிறம் வரைக்கும் எடுக்கணும்னு எல்லை வெக்கிற இடம்) பழுப்ப மட்டும் பிரிச்சு, அனலைஸ் பார்ட்டிக்கிள்ஸ் அழுத்துனா ஒவ்வொரு புள்ளியோட பரப்பளவும் டேபிளா வந்துடும். கிராஃப் ஷீட்ல கட்டம் எண்ணுறவங்களுக்கு இது வரப்பிரசாதம். மைக்ரோஸ்கோப் படத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற செல்லுங்கள எண்ணணும்னா, அதுங்கள தனித்தனியா பிரிக்க வாட்டர்ஷெட் இருக்கு, ஆனா கோணல்மாணலா இருக்கிற செல்ல அது தேவையில்லாம ரெண்டா வெட்டிடும், கண்ணால ஒருவாட்டி பாத்துருங்க.

த்ரெஷோல்ட் தான் வம்பு. ஒவ்வொரு படத்துக்கும் மனசுபோல இழுத்தா ரிசல்ட்டும் மனசுபோல தான் வரும், எல்லாத்துக்கும் ஒரே லைட், ஒரே செட்டிங் வைங்க. ஜேபெக் வேண்டவே வேண்டாம், அமுக்குறப்பவே பிக்ஸல் மதிப்பு மாறிடும். மெனு பாத்தா கண்ண கட்டும், புதுசா வர்ற பசங்க மிரளுவாங்க (எங்க மேடம் இன்னும் கால்குலேட்டர விடல). மேக்ரோ ரெக்கார்டர ஆன் பண்ணி வெச்சா நீங்க பண்றத அதுவே கோடா எழுதிக்கும், அடுத்த செட்டு இலைக்கு அதையே ஓட்டலாம். கோட் எழுத பயமா இருந்து படமும் ஆயிரக்கணக்குல இருந்தா செல்ப்ரொஃபைலர்ங்கிற இன்னொரு சாஃப்ட்வேர பாருங்க, அதுவும் ஃப்ரீ தான்.