மூத்தவளை அப்பத்தா வீட்டுக்கு அனுப்புவதா, கூடவே வைத்துக்கொள்வதா?

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த ஏழாம் மாதத்திலேயே வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. "பச்சை உடம்போடு இரண்டையும் உன்னால் பார்க்க முடியாது. பெரியவள் மூன்று மாதம் என்னிடம் இருக்கட்டும்" என்றார் மாமியார். அவர் வீடு தேவிபட்டினத்தில். நாங்கள் குடியிருப்பது தங்கச்சிமடத்தில். ராமநாதபுரத்தில் இறங்கி பஸ் மாற வேண்டும். பாம்பனிலிருந்து வந்திருந்த என் அம்மாவோ, "அனுப்பினால் பிள்ளை ஏங்கி மெலிந்து சவலை பாய்ந்துவிடும்" என்று ஒரே பிடியாக நின்றார். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. நான் அவளைக் கூடவே வைத்துக்கொண்டேன். இன்னொரு முறை வந்தாலும் அதைத்தான் செய்வேன்.

அனுப்புவதில் உள்ள நன்மை எல்லோருக்கும் தெரிந்ததே. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். இடையில் கிடைக்கும் தூக்கம்தான் தாய்க்குத் தூக்கம். அப்பத்தா வீட்டில் சித்தப்பா பிள்ளைகளோடு விளையாட்டும் உண்டு. மறுக்க முடியாது.

ஆனால் பிரசவத்துக்காக நான்கு இரவுகள் அவளை அங்கே விட்டபோதே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. திரும்பி வந்தவள் என்னிடம் ஓடி வரவில்லை. அப்பத்தாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். 1950களில் குழந்தை மனநல ஆய்வாளர்களான ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த சிறு பிள்ளைகளைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்: முதலில் அழுகை, பிறகு சோர்வு, கடைசியில் தாய் வந்து நின்றாலும் ஒட்டாமை. பழகிய அப்பத்தா மடி மருத்துவமனை ஆகாது என்பது உண்மைதான். இருந்தாலும் நான்கு இரவுக்கே இப்படி என்றால் மூன்று மாதத்தை நினைக்க எனக்குத் துணிவில்லை.

என்னை முடிவு செய்ய வைத்தது வேறொரு கணக்கு. சின்னவன் பிறந்தது ஏப்ரல் கடைசி வாரம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கரையில் நிற்கும். கணவர் வீட்டில் இருப்பார். அம்மாவும் ஆடி வரை இருப்பதாகச் சொல்லியிருந்தார். பெரியவளை மூன்று மாதம் அனுப்பினால் அவள் திரும்புவது ஜூலை முடிவில். அப்போது அம்மா பாம்பனுக்குப் போயிருப்பார். கணவர் வாரம் மூன்று நாள் கடலில். பொறாமை தேவிபட்டினத்திலேயே தங்கிவிடாது, அவளோடு பஸ் ஏறி வரும். வீட்டில் ஆறு கைகள் இருக்கும்போது அழ வேண்டிய அழுகையை, இரண்டே கைகள் இருக்கும் நாளுக்குத் தள்ளிப்போடுவதில் என்ன பயன்?

கூடவே வைத்துக்கொண்டதால் வீடு அமைதியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது வாரம் தம்பியின் கையைக் கடித்தாள். ஒரு மாதம் பாயை நனைத்தாள். மறந்துபோன தாய்ப்பாலைக் கேட்டாள். கொடுத்தேன், இரண்டு முறை சுவைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு நாள், "பாப்பாவை அப்பா போட்டில் ஏற்றி அனுப்பிவிடலாமா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "தம்பியைப் பார்த்தால் கோபமாக வருகிறதா? வா, என்னிடம் சொல்" என்று மடியில் இருத்திக்கொண்டேன். கடிக்க வரும்போது கையைப் பிடித்துத் தடுத்தேன், திட்டவில்லை. இருவரையும் தனியாக ஒரு நிமிடம்கூட விடவில்லை. "நீ பெரிய பிள்ளை, விட்டுக்கொடு" என்று சொல்ல வந்த உறவினர்களையும் தடுத்தேன். இரண்டரை வயது பெரிய வயதில்லை.

பலன் தந்தவை இரண்டு. ஒன்று, பனையோலைக் கொட்டான் ஒன்றில் அவள் பொறுக்கிவந்த சிப்பிகளில் பெரியவற்றைப் போட்டு, நான் பால் கொடுக்கும்போது மட்டும் எடுத்துத் தந்தது. நான் தம்பியைத் தூக்கினாலே முகம் வாடியவள், பிறகு கொட்டானைத் தேடத் தொடங்கினாள். மற்றது, மாலையில் கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட, பதினைந்து நிமிடம் நானும் அவளும் மட்டும். என்ன விளையாட்டு என்பது அவள் விருப்பம். தடைக்காலத்தில் பழக்கிவிட்டதால், படகு கடலுக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. சில நாள் பத்து நிமிடமாகக் குறைந்தது. ஆனால் நாள் தவறவில்லை. தம்பி வாங்கிவந்தான் என்று சொல்லிக் கொடுத்த பொம்மை இரண்டு நாளில் மூலைக்குப் போய்விட்டது.

எனக்குச் சுகப்பிரசவம், அம்மாவும் கூட இருந்தார். அறுவைச் சிகிச்சை ஆகி, உதவிக்கு ஆளில்லாத வீட்டில் நான் சொல்வது நடக்குமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அப்பத்தா வீடு அடுத்த தெருவில் என்றால் பகலில் அங்கே, இரவில் இங்கே என்று வைத்துக்கொள்ளலாம். என் மகளுக்குப் பேச்சு வந்திருந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளையோடு எனக்கு அனுபவமில்லை. அனுப்பியே ஆக வேண்டுமென்றால், நீங்கள் உடுத்திய சேலை ஒன்றையும் கூடவே கொடுத்துவிடுங்கள். நாட்களைக் குறையுங்கள், திரும்பும் நாளில் வீட்டில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டில் விஷயத்தில் நான் தவறு செய்துவிட்டேன். அவள் தூங்கிய மஞ்சள் சேலையிலேயே சின்னவனுக்குத் தொட்டில் கட்டினேன். தேவிபட்டினத்திலிருந்து வந்தவள் முதலில் பார்த்தது அதைத்தான். மறுநாளே வேறு சேலையில் கட்டிவிட்டு மஞ்சள் சேலையை அவளிடம் கொடுத்தேன். இப்போதும் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள்.